பீம்ராவ் கண் திறந்து நின்ற இரண்டு நிமிடம்

புளியந்தோப்பு வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் பீம்ராவை அறியாதவர் இல்லை. ஆனால் அவருடைய வேலை இன்னதென்று சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. "ஹார்பர்ல இன்னாவோ எழுதறாரு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர் ஒரு டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் கன்டெய்னர்களைத் தளத்தில் நின்று எண்ணி, இராயபுரத்து யார்டில் லாரி ஏறும் கன்டெய்னர்களையும் எண்ணி, இரண்டும் ஒத்து வருகின்றனவா என்று பார்ப்பது அந்த வேலை. நான்கு கோடுகள், ஐந்தாவது அவற்றின் குறுக்கே ஒன்று. இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் கை அந்தக் கோடுகளையே போட்டு வந்தது. எண்ணும்போது உதடு அசையும். குரல் மெல்ல வெளியே வரும். மனத்துக்குள் எண்ணுகிறவன் நடுவில் ஒன்றை விட்டுவிடுவான் என்பது அவருடைய திடமான கொள்கை.

அவர் குடியிருந்த பிளாக்கின் மேல் தளத்தில் புத்தர் மன்றம் இருந்தது. அவருடைய மனைவி மாயா அதன் செயலாளர். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வந்தனை தொடங்கும். முதலில் மும்மணி, பஞ்சசீலம், சிறிய உரை. பிறகு இரண்டு நிமிட மௌனம். மாயா மணி அடித்து மௌனத்தை முடித்ததும், அந்த வாரம் யாருக்காவது நினைவு நாள் இருந்தால் குடும்பத்தார் எழுந்து பேசுவர். இந்த ஒழுங்கு மாறுவதே இல்லை.

2006ஆம் ஆண்டு தொடக்கத்தில் பீம்ராவ் அந்த வந்தனையை இணையத்தில் ஒலிபரப்பத் தொடங்கினார். யார்டில் கழித்துவிட்ட பழைய கணினி ஒன்றைக் கேட்டு வாங்கி, மன்றத்தின் மூலையில் வைத்தார். மைக்கின் ஒலி அந்தக் கணினிக்குள் சென்று, தொலைபேசிக் கம்பி வழியாக வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரை அடையும்; கேட்க விரும்புவோர் அனைவருக்கும் அந்தச் சர்வர் அதைப் பகிர்ந்து அளிக்கும். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற எண் கணினித் திரையின் மேல் மூலையில் தெரியும். சாதாரணமாகப் பதினொன்று. பெரும்பாலும் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தளங்களில் வேலை செய்யும் நம்மூர் ஆட்கள்.

ஜூலை பன்னிரண்டாம் தேதி குப்பம்மா இறந்துபோனார். காசிமேட்டு இறால் கம்பெனியில் முப்பது வருடம் இறால் உரித்தவர். மகள் பூவம்மா பீம்ராவின் பிளாக்கிலேயே வசித்தார். மகன் வல்லரசு சிங்கப்பூரில் வெல்டர்; ஒப்பந்தம் முடியும்வரை அவருக்கு விடுமுறை கிடையாது. அடக்கத்தன்று பெய்த மழையில் இருபது பேர்கூடச் சேரவில்லை என்று யாரோ அவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். அதுதான் அவரை உறங்கவிடாமல் செய்தது.

அடுத்த ஞாயிறு வந்தனை முடிந்த சற்று நேரத்தில் பீம்ராவின் கைப்பேசி ஒலித்தது.

"அண்ணா, வல்லரசு பேசறேன். இன்னிக்கும் புட்டுக்கிச்சு ணா."

"இன்னாடா புட்டுக்கிச்சு?"

"லைனு. மாயாக்கா மௌனம்னு சொல்லுது. அதோட கட்டு. திரும்ப அமுக்கிப் புடிக்கறதுக்குள்ள இங்க பத்து நிமிசம் ஆயிடுது. நாங்கல்லாம் மௌனத்தோட முட்சிட்டீங்கன்னு தான் இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தோம். எங்கக்கா தான் சொல்லுச்சு, அதுக்கப்புறந்தான் ஆளுங்க பேசுவாங்கன்னு."

பீம்ராவ் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அம்மாவுக்கு நாப்பதாம் நாளு ஆகஸ்ட் இருவது. ஞாயித்துக்கெழம. அன்னிக்கி அக்கா பேசும். நான் அத கேட்டே ஆவணும் ணா. ஆளு எத்தினி பேரு வராங்க இன்னான்னு எனுக்கு எதுவும் தெரியாது. அந்த பேச்சாவது காதுல வுழட்டும்."

"வுழும்" என்றார் பீம்ராவ். சொன்ன பிறகுதான், எப்படி என்று தமக்குத் தெரியாது என்பது அவருக்கு உறைத்தது.

அன்று மாலையே ஒரு நீள நோட்டு வாங்கினார். பின்னாளில் அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். இடப்பக்கம் 'ஏறியது', வலப்பக்கம் 'இறங்கியது'. கேட்போர் ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு இணைந்தார்கள், எத்தனை மணிக்கு விலகினார்கள் என்பதைச் சர்வர் தன் பதிவில் வைத்திருந்தது. அவற்றை எடுத்து, கன்டெய்னர்களைக் குறிப்பது போலவே வரிசையாகக் குறித்தார். ஏறியது பதினொன்று, வெவ்வேறு நேரங்களில். இறங்கியதும் பதினொன்று, ஆனால் எல்லாம் ஒரே நொடியில். தனித்தனியாகப் பெட்டி காணாமற்போனால் திருட்டு, மொத்தமாகக் காணாமற்போனால் கப்பலிலேயே கோளாறு என்பது துறைமுகத்துப் பாடம். ஆகவே கோளாறு சிங்கப்பூரில் இல்லை. நம் பக்கத்திலோ சர்வரிலோதான் இருக்க வேண்டும்.

முதலில் தொலைபேசிக் கம்பியைச் சந்தேகித்தார். திங்கள் முதல் சனி வரை, வேலைக்குப் புறப்படும் முன், தினமும் ஒரு மணி நேரம் வானொலிப் பெட்டியைக் கணினியில் இணைத்துப் பாட்டும் செய்தியுமாக ஒலிபரப்பிப் பார்த்தார். ஒரு முறைகூட அறுபடவில்லை. அடுத்ததாக மின்சாரம். பிளாக்கின் தண்ணீர் மோட்டாரை ஞாயிறு ஏழரை மணிவாக்கில்தான் போடுவார்கள். அதனால் கணினிக்கு வரும் மின்னழுத்தம் குறையலாம் என்று எண்ணி, ஆறரைக்கே போடச் செய்தார். குடியிருப்பில் எல்லாருடைய குடமும் சீக்கிரம் நிறைந்ததைத் தவிர வேறு பலன் இல்லை. அன்றும் பதினொன்று பூஜ்யமாயிற்று.

மூன்று ஞாயிறுகளின் நேரங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினார். 7.24. 7.31. 7.22. அந்தச் சிறிய பட்டியலை அவர் வெகு நேரம் பார்த்தார். மோட்டாரோ, தொலைபேசி நிலையமோ, வேறு எந்த இயந்திரமோ காரணமென்றால் நேரம் இவ்வளவு மாறாது. இக்கோளாறு கடிகாரத்தைப் பார்த்து வருவதில்லை. நிகழ்ச்சியைப் பார்த்து வருகிறது. உரை நீண்ட வாரம் தாமதமாகவும், சுருங்கிய வாரம் சீக்கிரமாகவும் வருகிறது. வல்லரசு சொன்னதைப் போல மாயா "மௌனம்" என்று சொன்ன பிறகே வருகிறது.

அந்த நேரத்தில் திரையில் என்ன நடக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் பீம்ராவுக்கு ஒரு விசித்திரமான உண்மை புலப்பட்டது. அதை அவர் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. கணினி மன்றத்திலேயே இருக்கிறது, அவரும் அதன் அருகிலேயே நிற்கிறார். ஆனால் மௌனம் என்றதும் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொள்கிறார். கண் திறக்கும்போது எண் பூஜ்யமாகி இருக்கிறது. ஏழு மாதங்களாக, கோளாறு நடக்கும் சரியான தருணத்தில், அதைக் காணக்கூடிய எல்லாரும் ஒருமிக்கக் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

மாயாவிடம் தயக்கத்துடன் சொன்னார்.

"வர ஞாயித்துக்கெழம நான் கண்ண தொறந்துகினு நிக்கணும்."

மாயா அரிசி களைந்துகொண்டிருந்தார். "தொறந்துகினு நில்லு. யாருக்குத் தெரியப் போவுது? எல்லாரும் மூடிக்கினு தானே கீறாங்க."

"எனுக்குத் தெரியும்ல."

"தோ பார்றா, பெரிய பிக்கு" என்றார் மாயா. பிறகு அரிசியிலிருந்து கையை எடுத்து அவரை நோக்கி, "கோளாற பாக்கறதுக்கு தானே தொறக்கற? வேடிக்க பாக்கறதுக்கு இல்லியே? அப்பொ தொற" என்று அனுமதி அளித்தார்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி பீம்ராவ் கண் திறந்து நின்றார். இத்தனை முகங்களைக் கண் மூடிய நிலையில் அவர் பார்த்ததே இல்லை; பார்ப்பது ஏதோ களவு போல் இருந்தது. உடனே பார்வையைத் திரைக்குத் திருப்பினார். மாயா "மௌனம்" என்றதும் இரண்டு காரியங்கள் நடந்தன. சுவரோரம் நின்றவர் மின்விசிறிகளை நிறுத்தினார். மைக் செட்காரர் வரதன், கண்ணை மூடுவதற்கு முன், மைக்கின் திருகைப் பூஜ்யத்துக்கு இறக்கினார். இரண்டும் மௌனத்துக்குக் காட்டும் மரியாதை, என்றும் நடப்பவை. திரையில் ஒலியின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு அப்படியே படுத்துவிட்டது. பீம்ராவ் உதட்டசைவில் எண்ணினார். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. பதினொன்று பூஜ்யமாயிற்று.

மறுநாள் வானொலிப் பெட்டியின் ஒலியைக் குறைத்துப் பரிசோதித்தார். முப்பது எண்ணியதும் இணைப்பு அறுந்தது. மீண்டும் செய்தார். நான்கு கோடுகள் ஆயின. ஐந்தாவது முறையும் அறுந்தபோது குறுக்குக் கோட்டைப் போட்டார். ஒலியை அனுப்பும் மென்பொருள், ஓசை ஒரு அளவுக்குக் கீழே போனால் அனுப்ப ஏதுமில்லை என்று சும்மா இருந்துவிடுகிறது. அந்தப் பக்கம் சர்வரோ, முப்பது விநாடி எதுவும் வராவிட்டால் அனுப்புகிறவர் போய்விட்டார் என்று முடிவுகட்டி, காத்திருக்கும் அனைவரையும் வெளியே அனுப்பிவிடுகிறது. மௌனமாக இருப்பதற்கும் இல்லாமற்போவதற்கும் அதற்கு வேறுபாடு தெரியவில்லை.

சர்வர்காரர்களுக்கு எழுதிக் கேட்டார். இது எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பொதுவான விதி, ஒருவருக்காக மாற்ற இயலாது என்று பணிவாகப் பதில் வந்தது. மென்பொருளின் புதிய பதிப்பில் மௌனத்தையும் விடாமல் அனுப்ப வழி இருந்தது. ஆனால் யார்டில் கழித்த கணினியில் அது ஏற மறுத்தது. ஆக, மௌனத்தின்போது சிறிதளவு ஓசையாவது உள்ளே போக வேண்டும். தம்புரா ஒலிநாடா ஒன்றை மெல்ல ஓடவிடலாமா என்று மாயாவிடம் கேட்டதற்கு, "அப்பொ அது கச்சேரி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மௌனத்தில் மைக்கைத் திறந்தே வைக்கும் யோசனையை வரதன் இன்னும் கடுமையாக மறுத்தார். "பீமு, மைக்க தொறந்து வுட்டா ஸ்பீக்கரு ஊய்னு கூவும். அப்பாலிக்கா கல்யாணத்துக்கு எவன் என்ன கூப்டுவான்?"

"ஸ்பீக்கர மூடு. கம்ப்யூட்டருக்குப் போறத மட்டும் தொறந்து வையி. உன் பொட்டில ரெண்டும் தனித்தனி திருகு தானே?"

வரதன் தம் ஆம்ப்ளிஃபயரை முதன்முறையாகப் பார்ப்பவர் போல் பார்த்தார். "ஆமாம்ல" என்றார்.

எனினும் மைக் திறந்திருந்தால் மட்டும் போதவில்லை. விசிறிகள் நின்ற அறையின் அமைதி, மென்பொருளின் கணக்கில் மௌனமாகவே இருந்தது. ஒவ்வொரு விசிறியாகப் போட்டுப் பார்த்தார். முதல் இரண்டும் பயனற்றவை. மூன்றாவது விசிறிக்குப் பல வருடங்களாக ஒரு சீக்கு. சுற்றுக்கு ஒரு முறை கிறீச்சென்று கத்தும். அதைப் போட்டதும் பச்சைக் கோடு துள்ளி எழுந்தது. மௌனத்தில் அந்த ஒரு விசிறியை மட்டும் நிறுத்தாமல் விட மாயா அரைமனதாகச் சம்மதித்தார். ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி அவ்வாறே செய்தார்கள். நோட்டில் அன்றைய பதிவு: மௌனத்துக்கு முன் பதினொன்று, பின் பதினொன்று.

"நிக்குது ணா!" என்று வல்லரசு தொலைபேசியில் கத்தினார். பிறகு குரல் தணிந்து, "இருவதாந்தேதி ஆளு வருவாங்களா ணா?" என்றார்.

"வருவாங்க."

"அன்னிக்கி மாதிரி இருவது பேரு வந்தா?"

பீம்ராவ் எண்ணாத எண்ணைச் சொல்லும் வழக்கமில்லாதவர். "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

இருபதாம் தேதி ஆறரை மணிக்கே மன்றம் நிரம்பத் தொடங்கியது. இறால் கம்பெனியிலிருந்து பெண்கள் இரண்டு ஷேர் ஆட்டோக்களில் வந்து இறங்கினார்கள். அடக்கத்துக்கு வர முடியாமற்போனவர்கள், மழையைச் சொல்லி வருத்தப்பட்டுக்கொண்டே படியேறினார்கள். இடம் போதாமல் படிக்கட்டிலும், அதன் கீழே சந்திலும் நின்றார்கள். குப்பம்மாவின் படத்துக்கு முன் விளக்கு எரிந்தது. ஏழு பத்துக்குத் திரையில் எண் பதினொன்றாயிற்று.

7.26க்கு மாயா "மௌனம்" என்றார். இரண்டு விசிறிகள் நின்றன. வரதன் வாசல் ஸ்பீக்கர்களின் திருகை மூடிவிட்டுத் தாமும் கண்ணை மூடினார். பீம்ராவ் திரையைப் பார்த்தார். பச்சைக் கோடு படுத்துக் கிடந்தது.

அண்ணாந்து பார்த்தார். மூன்றாவது விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கிறீச்சென்ற சத்தம் மட்டும் இல்லை. அதன் தண்டில் புது எண்ணெய் பளபளத்தது. முதல் நாள் மாலை பூவம்மா, அம்மாவுக்கு மௌனம் காக்கும் நேரத்தில் அது கத்தக் கூடாது என்று ஆள் கூட்டிவந்து எண்ணெய் போட வைத்தது யாருக்கும் தெரியாது.

பத்து விநாடி போயிருந்தது. ஆம்ப்ளிஃபயரின் மேல் இரண்டாவது மைக் ஒன்று, பூவம்மா பேசுவதற்காக, தயாராகக் கிடந்தது. பீம்ராவ் அதை எடுத்து வாயருகே பிடித்தார். மெல்ல ஒரு முறை தொண்டையைச் செருமினார். கோடு எழுந்து, உடனே விழுந்தது. ஒற்றைச் செருமலை மென்பொருள் கணக்கிலேயே எடுக்காது. விடாமல் ஏதாவது ஒலிக்க வேண்டும். பேசவோ பாடவோ கூடாது. மன்றத்தில் கண் திறந்திருந்தவர் அவர் ஒருவரே. எதிரே கூப்பிய கைகளோடு வரிசை வரிசையாக மக்கள் நின்றார்கள். பத்தொன்பது விநாடி, இருபது. வரிசையாக நிற்பவற்றைக் கண்டால் அவர் உதடு என்ன செய்யுமோ அதையே அப்போதும் செய்தது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

மூச்சு அளவே குரல். கோடு எழுந்து நின்றது. முதல் வரிசை முடிந்து இரண்டாவதற்குப் போனார். வரதன் ஒரு கண்ணைத் திறந்து, மைக்கையும் பீம்ராவின் வாயையும் பார்த்து, ஸ்பீக்கர் திருகு மூடியிருப்பதைத் தொட்டு உறுதி செய்துகொண்டு, அந்தக் கண்ணை மறுபடி மூடிக்கொண்டார். அறுபத்திரண்டில் மன்றம் முடிந்தது. வாசற்படியில் ஆறு பேர். மைக் கம்பி எட்டும் தூரம்வரை சன்னலுக்கு நகர்ந்து, படிக்கட்டில் நிற்பவர்களை எண்ணினார். பிறகு சந்து. "தொண்ணூத்தி நாலு. தொண்ணூத்தி அஞ்சு. தொண்ணூத்தாறு." மாயாவின் மணி ஒலித்தது. சந்தில் இன்னும் தலைகள் இருந்தன.

திரையில் பதினொன்று இருந்தது.

பூவம்மா அதே மைக்கை வாங்கிப் பேசினார். நீண்ட பேச்சு அல்ல. ஐஸில் விறைத்த கையோடு அம்மா வீட்டுக்கு வந்து, தம்பியின் கன்னத்தில் அதை வைத்து அவனை அலறச் செய்து சிரித்ததைச் சொன்னார். கூட்டமும் சிரித்தது, பிறகு அழுதது. பேச்சு முடியும்வரை எண் குறையவில்லை.

கீழே இட்லி பரிமாறத் தொடங்கியபோது மாயா வந்தார். "மௌனத்துல யாரோ முணுமுணுத்தது என் காதுல வுழுந்துச்சு. இன்னாது அது?"

"மாமு ஆளெண்ணிக்கினு இருந்தாரு" என்றார் வரதன், பீம்ராவைக் காட்டி. "தோஸ்து, அடுத்த வாரம் மைக்காண்ட ஒரு டைம்பீச வையி. அது டிக் டிக்குன்னு எண்ணட்டும். உன் வாய்க்கு ரெஸ்ட்டு."

பூவம்மாவுக்கு விசிறி விஷயம் அப்போதுதான் தெரிந்தது. "ஐயோ, நான் எண்ண போட்டது தான் பேஜாரா பூட்சா?" என்று வாயில் கை வைத்தார். பீம்ராவ் பதில் சொல்வதற்குள் கைப்பேசி ஒலித்தது.

வல்லரசுதான். "அண்ணா, அக்கா பேசனத முழுசா கேட்டேன்" என்றார். "அதுக்கு முன்ன ஒருத்தரு எண்ணிக்கினு இருந்தாரே, அது நீ தானே? இன்னாத்த எண்ணன?"

"வந்தவங்கள."

மறுமுனையில் மூச்சுகூடக் கேட்கவில்லை. இணைப்பு அறுந்ததோ என்று பீம்ராவ் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அறுபடவில்லை.

"தொண்ணூத்தாறா ணா?"

"அது பாதி டாலிடா. மாயா மணி அட்சிட்டா. சந்துல நின்னவங்கள எண்ணி முடிக்கல."

"எண்ணிச் சொல்லு ணா. நான் லைன்லயே கீறேன். போன் கார்டுல இன்னும் நெறைய நிமிசம் கீது."

பீம்ராவ் நீள நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைப்பேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்தபடி படி இறங்கினார். சந்தில் இலை போட்டு உட்கார்ந்திருந்தவர்களையும், கை கழுவிக்கொண்டிருந்தவர்களையும், ஷேர் ஆட்டோவில் ஏறப்போன இறால் கம்பெனிப் பெண்களை நிறுத்தி அவர்களையும், ஏற்கெனவே எண்ணிய முகங்களை விலக்கி, விட்ட இடத்திலிருந்து வாய்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"தொண்ணூத்தி ஏழு. தொண்ணூத்தி எட்டு."

நோட்டின் அந்தப் பக்கத்தில் இடமும் வலமும் பதினொன்று என்று இருக்கிறது. அதற்குக் கீழே, எந்தத் தலைப்பும் இல்லாமல், ஐந்தைந்து கோடுகளாக இருபத்தெட்டு கட்டுகளும் தனியே மூன்று கோடுகளும். கூட்டினால் நூற்று நாற்பத்து மூன்று.